நீல விளக்கும் நிற சிகிச்சையும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் நிற சிகிச்சை பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தோம். சிவப்பு சுறுசுறுப்பு தரும், பச்சை மனதை ஆற்றும், நீலம் சூட்டைத் தணிக்கும் என்பதிலெல்லாம் எங்களுக்குப் பெரிய வழக்கு இல்லை. பச்சைச் சட்டை போட்டு யாரும் கெட்டுப்போனதில்லை. ஆனால் கட்டுரையின் நடுவே ஒரு பத்தி இருந்தது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தால் ஆஸ்பத்திரியிலேயே நீல வெளிச்சத்தில்தான் வைக்கிறார்கள், நிற சிகிச்சைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா, வீட்டிலேயே நீல பல்பு போட்டு, காலை இளவெயில் காட்டினால் போதும் என்று அதில் எழுதியிருந்தது. இந்தப் பத்திக்காகத்தான் இந்தக் கடிதம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர்களும், அங்குள்ள விளக்குகளைப் பராமரிக்கும் கருவிப் பொறியாளர்களும் சேர்ந்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரத்தச் சிவப்பணு உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. பிறந்த குழந்தைக்குச் சிவப்பணு அதிகம், அவற்றின் ஆயுளோ குறைவு. பிலிருபினைக் கரைத்து வெளியேற்ற வேண்டிய கல்லீரல் நொதியும் அந்த வயதில் முழுதாக வேலைக்கு வந்திருக்காது. அதனால் நிறைமாதக் குழந்தைகளில் பாதிக்கு மேல், குறைமாதக் குழந்தைகளில் இன்னும் அதிகமாக, முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி, மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் மங்கிவிடும். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ‘வெயில் காட்டினோம், போய்விட்டது’ என்ற நம்பிக்கைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. காட்டாவிட்டாலும் அது போயிருக்கும்.

போகாத குழந்தைகள்தான் எங்கள் கவலை. தாய் ஆர்.எச். நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்று ரத்தம் ஒத்துப்போகாதவை, தாய் ‘ஓ’ பிரிவாகவும் குழந்தை ‘ஏ’ அல்லது ‘பி’ பிரிவாகவும் இருப்பவை, சிவப்பணுவைக் காக்கும் ஜி6பி.டி. என்ற நொதி குறைவாக உள்ளவை, பிரசவத்தில் தலையில் ரத்தம் கட்டியவை, பால் போதாதவை. இவற்றுக்குப் பிலிருபின் மணிக்கணக்கில் ஏறும். எல்லை தாண்டினால் மூளைக்குள் போய்ப் படியும். அப்படிப் படிந்தால் காது கேளாமை, கைகால் கட்டுக்குள் நில்லாத மூளைவாதம் என்று ஆயுளுக்கும் நிற்கும் பாதிப்பு. அதைப் பிறகு எந்த விளக்கும் திருப்பித் தராது.

நீல வெளிச்சம் இதில் என்ன செய்கிறது? பிலிருபின் மூலக்கூறு சுமார் 460 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சியதும் அதன் வடிவம் மாறுகிறது. ஒரு வகை மாற்றம் உடனே நடக்கும், ஆனால் திரும்பவும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். இன்னொரு வகை மெதுவாக நடக்கும், திரும்பாது. அந்தப் பொருளுக்கு லூமிருபின் என்று பெயர். வடிவம் மாறிய பிலிருபின் தண்ணீரில் கரையும். கல்லீரல் நொதிக்காகக் காத்திராமல் பித்தத்திலும் சிறுநீரிலும் போய்விடும். நீலம் குளிர்ச்சியான நிறம் என்பதோ, மஞ்சளுக்கு எதிர்நிறம் என்பதோ குழந்தையின் உடம்புக்குத் தெரியாது. ஒரு மூலக்கூறு, அதற்குப் பொருந்தும் ஓர் அலைநீளம், அவ்வளவுதான் விஷயம்.

இது கண்டுபிடிக்கப்பட்ட விதம் சுவையானது. 1956இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் மாகாணத்தில் ராக்ஃபோர்ட் பொது மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகளின் பொறுப்பில் இருந்த சிஸ்டர் ஜீன் வார்ட், வெயில் நாட்களில் தொட்டிலோடு குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். மருத்துவர்கள் சுற்றி வந்தபோது ஒரு குழந்தையைத் திறந்து காட்டினார். உடம்பெல்லாம் வெளிறியிருக்க, வயிற்றில் மட்டும் முக்கோணமாக அடர் மஞ்சள். மேலே எதைப் பூசினீர்கள் என்று மருத்துவர் கேட்டார். பூசவில்லை, துணியின் மூலை மூடியிருந்த இடம் அது, மற்ற இடத்தில் மஞ்சள் வெளுத்துவிட்டது என்றார் சிஸ்டர். பிறகு ஜன்னலோரம் வெயிலில் கிடந்த ரத்தக் குழாய் ஒன்றில் பிலிருபின் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. இரண்டையும் முடிச்சுப்போட்ட கிரெமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் ஆகிய மூவரும் நீலக் குழல் விளக்கு வைத்த தொட்டில் ஒன்றைச் செய்து பார்த்து, 1958இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். அவர்கள் எந்த அலைநீளம், எவ்வளவு நேரம், ரத்தத்தில் எவ்வளவு குறைந்தது என்று அளந்தார்கள். நிற சிகிச்சைக்காரர்கள் விட்டுவிடுவது இந்த அளவைத்தான்.

அளவுக்கு வருவோம். ஒளி சிகிச்சையின் வீரியத்தை ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில், ஒரு நானோமீட்டர் அலைநீள அகலத்துக்கு, எத்தனை மைக்ரோவாட் விழுகிறது என்று சொல்வோம். கீழே ‘அலகு’ என்றே எழுதுகிறோம். சாதாரண சிகிச்சைக்கு 8 முதல் 10 அலகு. தீவிர சிகிச்சைக்கு 460 முதல் 490 நானோமீட்டர் பட்டையில் குறைந்தது 30 அலகு வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம்.

இப்போது வீட்டு நீல பல்பைக் கணக்குப் பார்ப்போம். ‘ஜீரோ வாட்ஸ்’ என்று கடையில் கேட்டு வாங்கும் எல்.ஈ.டி. இரவு விளக்கு அரை வாட் இழுக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமாகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் 0.17 வாட். ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் குழந்தையை அடைவதற்குள் அது அரைக்கோளமாக விரிந்து சுமார் 1,40,000 சதுர சென்டிமீட்டரில் பரவிவிடும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோவாட் சொச்சம். அதுவும் 25 நானோமீட்டர் அகலத்தில் பிரிந்து கிடப்பதால், ஒரு நானோமீட்டருக்கு 0.05. வேண்டியது 30. அறுநூறில் ஒரு பங்கு. நீலச் சாயம் பூசிய பழைய குண்டு பல்பு இன்னும் மோசம். இழை பல்பில் நீலமே குறைவு, மிச்சமெல்லாம் சூடு. எட்டவில்லையே என்று பல்பைக் கீழே இறக்கிக் கட்டினால் சுடும், அல்லது விழும்.

‘ஆனால் அறையே நீலமாகத் தெரிகிறதே’ என்பார்கள். கண்ணை நம்பக் கூடாத இடம் இது. மனிதக் கண்ணுக்கு 555 நானோமீட்டர் அருகே, பச்சையில், உணர்திறன் அதிகம். 460இல் மிகக் குறைவு. அதனால் லக்ஸ் மீட்டரோ கைப்பேசிச் செயலியோ காட்டும் எண்ணுக்கு இங்கே பொருளில்லை. கண்ணைக் கூசும் வெள்ளை விளக்கில் வேண்டிய நீலம் கொஞ்சமாக இருக்கலாம். மங்கலாகத் தெரியும் நீலக் குழலில் நிறைய இருக்கலாம்.

அதேபோல, பார்வைக்கு ஒரே நீலமாக இருப்பவை ஒரே வேலையைச் செய்யாது. மீன் தொட்டிக்கு விற்கும் நீலக் குழல்களில் பலவற்றின் உச்சம் 420 நானோமீட்டரில். ஓட்டலில் பூச்சி பிடிக்க மாட்டும் ஊதா நீலக் குழல் 365இல், அதாவது புற ஊதாவில் எரிகிறது. அளவு பொருந்துகிறது, நிறமும் நீலம்தான் என்று இவற்றைச் சிகிச்சை விளக்கில் மாட்டினால் முதலாவது பாதிப் பயன்கூடத் தராது, இரண்டாவது குழந்தையின் தோலையும் கண்ணையும் பாதிக்கும். மாற்றுக் குழல் வாங்கும் சிறு மருத்துவமனைகள் கருவித் தயாரிப்பாளர் சொன்ன எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பக்கத்து எலக்ட்ரிக்கல் கடைக்கு ஆள் அனுப்பி ‘ஒரு நீலம் கொடு’ என்று கேட்கிற பொருள் இல்லை இது.

உண்மையான விளக்கே சரியாக வேலை செய்யாமல் போவதும் உண்டு. உங்கள் வாசகர்களில் மருத்துவமனை நடத்துபவர்களும் இருப்பார்கள் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறோம். குழல் எரிகிறது என்பதாலேயே அது சரியாக இருக்கிறது என்று ஆகாது. சி.எஃப்.எல். வகை நீலக் குழலின் பயனுள்ள ஆயுள் பெரும்பாலும் 1,000 முதல் 2,000 மணி நேரம். நிறுத்தாமல் எரிந்தால் 1,000 மணி நேரம் 42 நாளில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் நீலமாகத்தான் எரியும், வீரியம் மட்டும் இறங்கியிருக்கும். மணி மீட்டர் இல்லாத கருவியென்றால் மாற்றிய தேதியைப் பக்கத்தில் ஒட்டி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எல்.ஈ.டி. வகை 20,000 மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். ஆனால் அதன் விசிறியில் பஞ்சும் தூசியும் அடைத்தால் உள்ளே சூடேறி முன்கூட்டியே மங்கும். விளக்கின் அடியில் இருக்கும் அக்ரிலிக் மூடியில் படியும் தூசியைத் தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் நாளடைவில் அக்ரிலிக் மயிர்க்கோடு விட்டு மங்கிப்போகும்.

அடுத்தது தூரம். பால் கொடுக்க வந்த தாய்க்கு இடம் வேண்டும் என்று விளக்கை மேலே தள்ளுவார்கள், திரும்ப இறக்க மறந்துவிடுவார்கள். 30 சென்டிமீட்டரில் 35 அலகு காட்டிய விளக்கு 45க்கு ஏறினால் தீவிர சிகிச்சை என்ற பெயருக்கே தகுதி இழக்கும். கருவிக் கையேட்டில் உள்ள தூரத்தை விளக்குத் தண்டில் ஒரு சிவப்பு நாடா ஒட்டிக் குறித்துவிட்டால் இந்தத் தவறு நிற்கும். எல்.ஈ.டி.யையும் குழலையும் கையேடு அனுமதிக்கும் அளவுக்குக் கிட்டே கொண்டுவரலாம். ஹாலஜன் விளக்கை அப்படிக் கொண்டுவரக் கூடாது, சுட்டுவிடும்.

விளக்கின் வீரியத்தை ரேடியோமீட்டர் என்ற கருவியால் அளக்கும்போது அதன் உணரியைக் குழந்தையின் உடம்பு மட்டத்தில் வைத்து, தலை, மார்பு, வயிறு, முழங்கால் என்று நான்கைந்து இடத்தில் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் எடுத்தால் நல்ல எண்தான் வரும். ஒரு நிறுவனத்தின் மீட்டரை இன்னொரு நிறுவனத்தின் விளக்குக்குப் பயன்படுத்தினால் எண் ஏறியோ இறங்கியோ காட்டும், ஏனெனில் ஒவ்வொரு மீட்டரும் பார்க்கும் அலைநீளப் பட்டை வேறு. ரேடியோமீட்டர் இல்லாத இடத்தில் விளக்கு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லலாம், சிகிச்சை நடக்கிறது என்று சொல்ல முடியாது.

பிறகு தோலின் பரப்பு. குழந்தைக்கு நாப்கின் மட்டும், அதுவும் முடிந்தவரை சிறியதாக. தொப்பி, கையுறை, காலுறை, கறுப்புக் கயிறு, தடித்த போர்வை எல்லாம் ஒளியை மறைப்பவை. பாட்டிமார் வருத்தப்படுவார்கள். குழந்தை குளிர்ந்துவிடுமே என்ற அவர்கள் பயம் நியாயமானதும்கூட. அதற்குத்தான் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அக்குளில் சூடு பார்க்கிறோம், 36.5க்கும் 37.5 டிகிரி செல்சியஸுக்கும் நடுவே இருக்க வேண்டும். தொட்டிலைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டினால் சிதறும் ஒளி திரும்பி வந்து விழும், வீரியம் கூடும். அந்தத் துணி விசிறிக் காற்றுத் துளையை அடைக்கக் கூடாது. கீழிருந்தும் ஒளி வரும் இரட்டைக் கருவியானால் பரப்பு அதிகம்.

கண்பட்டை கட்டாயம். ஆனால் அதுவே ஆபத்தாகும் நேரமும் உண்டு. தளர்ந்து கீழே சரிந்தால் மூக்கை அடைக்கும், இறுகினால் இமையை அழுத்தும். பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கழற்றி, கண்ணில் பீளையோ சிவப்போ இருக்கிறதா என்று பார்த்து, திரும்பக் கட்ட வேண்டும். அந்த நேரத்தில் தாயின் முகத்தைக் குழந்தை பார்க்கட்டும். நாளுக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் வேண்டும். வடிவம் மாறிய பிலிருபின் மலத்தோடு போக வேண்டுமே. மிகத் தீவிர நிலை இல்லாதபோது பாலுக்காக அரைமணி நேரம் விளக்கை விட்டு எடுப்பதில் தவறில்லை. சர்க்கரைத் தண்ணீர், சேனை, கழுதைப்பால் எதுவும் மஞ்சளைக் குறைக்காது, பால் குடிப்பதைத்தான் குறைக்கும். விளக்கில் இருக்கும் குழந்தை பச்சையாக, இளக்கமாக மலம் போகும், சில நேரம் தோலில் தடிப்பு வரும். பயப்பட வேண்டாம். எடையும் சிறுநீர் போகும் எண்ணிக்கையும் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று, நீல வெளிச்சத்தில் குழந்தை நீலம் பாரித்திருக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. விளக்கை ஒரு நிமிடம் அணைத்துத்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் போய்விட்டதா என்பதும் அப்படியே. ஒளி பட்ட தோல் முதலில் வெளுக்கும், ரத்தத்தில் அளவு அப்படியே இருக்கலாம். ராக்ஃபோர்ட் குழந்தையின் முக்கோணம் நினைவிருக்கட்டும். ஆகவே தோலின் மேல் வைத்துப் பார்க்கும் கருவி சிகிச்சையின் நடுவே ஏமாற்றும், ரத்தப் பரிசோதனைதான் வழி. தொடங்கிய 4 முதல் 6 மணி நேரத்தில் ஒன்று, இறங்கத் தொடங்கியபின் 6 முதல் 12 மணிக்கு ஒன்று, நிறுத்திய 12 முதல் 18 மணிக்குள் இன்னொன்று. நிறுத்தியபின் திரும்ப ஏறுவது உண்டு என்பதற்காகத்தான் கடைசியது. எப்போது தொடங்குவது என்பதற்கும் அட்டவணை இருக்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பின் கணக்குப்படி 38 வாரம் நிறைந்த குழந்தைக்கு 24 மணி நேர வயதில் டெசிலிட்டருக்குச் சுமார் 12 மில்லிகிராம் பிலிருபின், 72 மணியில் சுமார் 17.5, நான்கு நாள் ஆனபின் சுமார் 20.5. ஒரே 15 என்ற எண் முதல் நாளில் அவசரம், ஐந்தாம் நாளில் பொறுத்துப் பார்க்கலாம். குறைமாதம் என்றால் எல்லாமே இன்னும் கீழே. கட்டுரையில் வயதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வெயில் விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். நண்பகல் வெயிலில் 470 நானோமீட்டர் பக்கத்தில் நூறு அலகுக்கு மேலேயே விழுகிறது. எங்கள் நல்ல விளக்கைவிட அதிகம். வெயில் வேலை செய்யாது என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த வெயிலில் புற ஊதாவும் வெப்பமும் சேர்ந்தே வருகின்றன. மூன்று நாள் குழந்தையை ஆடையில்லாமல் அதில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சரி, ஏழு மணி இளவெயில் என்றால், தாழ்ந்திருக்கும் சூரியனிடமிருந்து வரும் ஒளியில் நீலத்தின் பெரும்பகுதி வழியிலேயே சிதறிப்போய், மிஞ்சுவதில் மஞ்சளும் சிவப்புமே அதிகம். அதற்கும் மேலே, நம் வீடுகளில் குழந்தையைத் துணியில் சுற்றி, முகம் மட்டும் தெரிய, பத்து நிமிடம் வாசலில் வைத்திருப்போம். தோலின் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஒரு நாளின் 1,440 நிமிடத்தில் பத்து. ஏறிக்கொண்டிருக்கும் பிலிருபினுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. வெயிலைக் கருவியாக மாற்றவும் முடியும். நைஜீரியாவின் லாகோஸில் புற ஊதாவைத் தடுத்து, வெப்பம் தரும் அகச்சிவப்பைக் குறைத்து, நீலத்தை உள்ளே விடும் படலத்தால் பந்தல் போட்டு, அடியில் குழந்தைகளை வைத்து, விளக்குச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. பந்தல் விளக்குக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. ஆனால் அங்கே அளவு மீட்டரில் பார்க்கப்பட்டது, குழந்தையின் உடல் சூடும் ரத்தமும் விடாமல் கவனிக்கப்பட்டன. வீட்டு வாசல் அப்படியில்லை.

ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் பாதுகாப்புதானே என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் கண்ணாடி வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா ‘பி’ கதிரைத் தடுத்துவிடும், புற ஊதா ‘ஏ’வைப் பெரும்பாலும் உள்ளே விடும். வைட்டமினும் கிடைக்காது, மொத்தப் பாதுகாப்பும் கிடையாது.

இந்த இடத்தில் கார்போகரிசியைச் சொல்லாமல் விட முடியாது. நாட்டுமருந்துக் கடை நலங்கு மாவுப் பொட்டலங்களிலும் குளியல் பொடிகளிலும் வழக்கமாகச் சேர்வது. அதில் சோராலன் இருக்கிறது. சோராலன் தோலில் இருக்கும்போது புற ஊதா ‘ஏ’ பட்டால் தோல் வெந்துபோகும். அந்தச் சிவப்பும் கொப்புளமும் உடனே வராமல் இரண்டு மூன்று நாள் கழித்து உச்சத்துக்கு வருவதால் காரணம் யாருக்கும் பிடிபடாது. இதே குணத்தை வைத்துத்தான் வெண்புள்ளிக்குக் கார்போகரிசி பூசி வெயிலில் நிற்கும் வைத்தியம் நம்மிடம் இருந்தது, பிறகு சோராலனும் புற ஊதா ‘ஏ’வும் சேர்ந்த நவீன சிகிச்சையும் வந்தது. இன்று தோல் மருத்துவர்கள் பெரும்பாலும் 311 நானோமீட்டர் குறுகிய பட்டை விளக்கையே பயன்படுத்துகிறார்கள், குறைந்த அளவில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் பத்து இருபது சதவீதம் ஏற்றி, வாரம் இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில். கழுவிவிடும் குளியல் பொடியில் தோலில் தங்குவது சிறிதாகவே இருக்கும் என்றாலும், கார்போகரிசி கலந்த பொடி தேய்த்துக் குளிப்பாட்டிய கையோடு பச்சிளங்குழந்தையை வெயிலில் வைப்பது வேண்டாத வேலை. பொடியில் கஸ்தூரி மஞ்சளோ மஞ்சளோ இருந்தால் இன்னொரு சிக்கல்: காமாலை தெரியாமல் மறைந்துவிடும்.

பழைய துணிக்கு நடுவே அந்துருண்டை போட்டு வைத்திருந்த தொட்டில் சேலை, போர்வை, மூத்த பிள்ளையின் சட்டை ஆகியவற்றை எடுத்துக் குழந்தைக்குப் போடுவதையும் நிறுத்த வேண்டும். நாப்தலின் வாசனையே ஜி6பி.டி. குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுவை உடைக்கப் போதும். துவைத்து நன்றாகக் காயவைத்த பருத்தித் துணி போதுமே.

வீட்டில் செய்யக்கூடியது பார்ப்பது, அதைச் சரியாகப் பார்ப்பது. பகல் வெளிச்சத்தில், ஜன்னலருகே. மஞ்சள் பல்பின் கீழோ, மஞ்சள் திரைச்சீலைக்குப் பக்கத்திலோ வைத்துப் பார்த்தால் எல்லாக் குழந்தையும் மஞ்சள்தான். நெற்றியையோ மார்பெலும்பின் மேலோ விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால், ரத்தம் விலகிய அந்தக் கணத்தில் தோலின் அடிநிறம் தெரியும். நம் மாநிறத்தில் ஈறும் கண்வெள்ளையும் இன்னும் தெளிவாகக் காட்டும். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். உள்ளங்கை, உள்ளங்காலுக்கு வந்துவிட்டால் அளவு 15ஐத் தாண்டியிருக்கலாம், அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். இது தோராயம்தான். கண்ணால் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை, எங்களுக்கும்தான்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது எப்போதுமே நோய். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, கிறீச்சென்று அழுதாலோ, உடம்பை வில்லாக வளைத்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதம் கூடாது. பதினான்கு நாள் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலம் சாம்பலாகவோ சுண்ணாம்பு போலவோ, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பிடிக்கும்படியோ போனால் அது வேறு நோய். பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கு விளக்கு உதவாது. கல்லீரல் கரைத்தும் வெளியேற வழியின்றித் தேங்கும் ‘நேரடி பிலிருபின்’ கூடியிருக்கும் குழந்தையை விளக்கில் வைத்தால் தோல் வெண்கலம்போல் கறுக்கும். அந்தக் குழந்தைக்கு வேண்டியது அறுவை சிகிச்சை. 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். ‘இன்னும் கொஞ்ச நாள் வெயில் காட்டிப் பார்ப்போம்’ என்று கழியும் வாரங்கள் இந்த 60இலிருந்துதான் கழிகின்றன.

கட்டுரையின் மற்ற பகுதிகளுக்குச் சுருக்கமாக. நீலக் கண்ணாடி பாட்டிலில் வெயிலில் வைத்த தண்ணீர் நீலத்தை உள்ளே சேமித்து வைக்காது. வெயிலை விட்டு எடுத்தபின் அது வெறும் வெதுவெதுப்பான தண்ணீர். நிற சிகிச்சை நம் பழைய மரபு என்று எழுதியிருந்தார்கள். இன்று விற்கும் வடிவத்தில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சரக்கு. 1876இல் பிலடெல்பியாவின் பிளசன்டன் நீலக் கண்ணாடியின் மகிமையை நீலத் தாளில் நீல மையில் அச்சிட்டு வெளியிட்டு ஒரு மோகத்தையே கிளப்பினார். பம்பாயில் பிறந்து அமெரிக்கா போன தின்ஷா கதியாலி 1920இல் ‘ஸ்பெக்ட்ரோ குரோம்’ என்ற பெயரில் வண்ணக் கண்ணாடி விளக்குப் பெட்டி விற்றார். நீரிழிவு உட்பட எல்லாவற்றுக்கும் என்றார். 1947இல் நியூஜெர்சி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். ஒளியே மருந்தல்ல என்று இதனால் ஆகாது. தோல் காசநோயைச் செறிந்த ஒளியால் குணப்படுத்திய நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசே கிடைத்தது.

மனநிலைக்கும் ஒளிக்கும் தொடர்பு உண்டு, அதிலும் அளவுதான் முக்கியம். விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் செல்கள் இருக்கின்றன. 480 நானோமீட்டர் பக்கத்து ஒளிக்கு அவை அதிகம் பதில் தருகின்றன. ஆஸ்லோவில் குளிர்காலப் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறையும். அங்கும் டொரன்டோவிலும் வாழும் நம்மவர்களுக்குக் குளிர்கால மனச்சோர்வு வந்தால், காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 10,000 லக்ஸ் வெள்ளை விளக்கின் முன், கண்ணிலிருந்து நாற்பது ஐம்பது சென்டிமீட்டர் தள்ளி, அரைமணி நேரம் உட்காரச் சொல்வது நிரூபணமான சிகிச்சை. இங்கே நிறத்துக்கு வேலையில்லை, வெள்ளைதான். மனம் மிகை எழுச்சிக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது, எழுச்சிப் பக்கம் தள்ளிவிடும். சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினொரு மணி நேரத்துக்கு மேல். இங்கே அந்த விளக்கு விற்க வருபவரிடம் எதற்கு என்று கேட்கலாம். டியூப் லைட் போட்ட அறையில் முந்நூறு நானூறு லக்ஸ் இருந்தால் பெரிது, வெளியே மர நிழலில் பல ஆயிரம். காலையில் திண்ணையில் உட்கார்ந்து தங்கள் பேப்பரைப் படித்தாலே அந்த வேலை நடந்துவிடும், காசும் மிச்சம்.

ஆசிரியரிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. அந்தப் பத்திக்கான திருத்தத்தை, அது வந்த அதே இணைப்பில், கண்ணில் படும் இடத்தில் வெளியிடுங்கள். இனி ஒளி, நிறம் என்று எந்தச் சிகிச்சையைப் பற்றி எழுத வந்தாலும் எந்த அலைநீளம், எவ்வளவு வீரியம், எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், எதை அளந்து பார்த்தார்கள் என்று எழுதியவரிடம் கேளுங்கள்.

குழந்தைக்கு மஞ்சள் என்று சந்தேகம் வந்தால் 108ஐ அழைக்கலாம். அரசு மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைக்கான பரிசோதனை, ஒளி சிகிச்சை, மேல் மருத்துவமனைக்கு மாற்றும் வாகனம் எல்லாம் 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசம். தாயின் ரத்தப்பிரிவு எழுதிய கர்ப்பகால அட்டையையும், பிறந்த நேரம் மணி நிமிடத்தோடு குறித்த டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். அட்டவணையில் குழந்தையின் வயதை மணியில்தான் பார்ப்போம்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்கள், கருவிப் பொறியாளர்கள் சிலர்
மதுரை